படித்தவர் யார் என்று கோப்பு சொல்லாது

மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் நடப்பட்ட முதல் இடம் மலாக்கா. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய நடவு சில ஆண்டுகளில் புக்கிட் அசஹானுக்குப் பரவியது. பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளியின் பிழைப்பு மரத்தைச் சார்ந்திருந்த அளவுக்கு ஏட்டையும் சார்ந்திருந்தது. விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பார்கள். தோட்ட எழுத்தரான கிராணி அதைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏற்றுவார். வெட்டு முடிந்ததும் பாலை நிறுப்பார்கள், மெட்ரோலாக்கை விட்டு அதன் செறிவைப் பார்ப்பார்கள். அந்த எண்களும் ஏட்டுக்குப் போகும். மாதக் கடைசியில் கைக்கு வந்த சம்பளம் இந்த ஏடுகள் சொன்னதுதான். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, முதலாளி பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றும், அதில் எழுதிய ஒவ்வொரு விவரமும் குறைந்தது 6 ஆண்டுகளுக்குப் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்றும் விதித்தது. ஏட்டில் கை வைப்பது தொழிலாளியின் வயிற்றில் கை வைப்பது என்பதைச் சட்டமும் உணர்ந்திருந்தது.

அந்தக் காகித ஏட்டை இரண்டு வகையில் கெடுக்கலாம். ஒன்று, அதில் இருப்பதை மாற்றுவது. அடித்து எழுதினால் மை காட்டிக்கொடுக்கும், சுரண்டி எழுதினால் தாள் காட்டிக்கொடுக்கும். மற்றொன்று, அதில் இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவது. இதற்குத் தாளில் எந்த அடையாளமும் விழாது. ஆனாலும் நூறு பேருடைய பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் படியெடுக்க வேண்டுமானால் ஒருவர் அலுவலகத்தில் கிராணியின் கண் முன்னே மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். உண்மையில் ஏட்டைக் காத்தது தாளோ மையோ அல்ல. அதைப் படிக்கத் தேவைப்பட்ட நேரமும், படிப்பவர் உட்கார வேண்டியிருந்த அறையும்தான் காத்தன. இன்று அதே விவரம் ஒரு கணினிக் கோப்பில் இருக்கிறது: சம்பளம், மைகாட் அடையாள அட்டை எண், ஊழியர் சேமநிதி எண், வங்கிக் கணக்கு எல்லாம். நேரமும் போய்விட்டது, அறையும் போய்விட்டது. கோப்பைப் படியெடுக்க ஒரு நொடி போதும். ஆள் ஜாசினில் இருக்கவும் வேண்டாம். கணினிக்கு மாறியபோது மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பற்றி நிறைய யோசித்தோம். படிப்பதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று காகிதக் காலத்தில் நம்மை அறியாமலேயே நமக்கு இருந்தது, இப்போது அது இல்லை என்பதைப் போதிய அளவு யோசிக்கவில்லை. கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சியத்தை நம்பி இருக்க முடியாது. செயல் நடக்கும் கணத்தில், நடக்கும் வாசலில், செய்தவர் பெயரோடு அதைப் பதிந்தாக வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்கு லினக்ஸ் கணினியை எடுத்துக்கொள்கிறேன். அதன் உள்ளமைப்பு முழுவதும் திறந்து கிடக்கிறது என்பது ஒரு காரணம். மலேசிய அரசுத்துறை 2004இலேயே திறமூல மென்பொருளுக்கென ஒரு பெருந்திட்டம் வகுத்தது என்பதும், சிறிய அலுவலகங்களின் அலமாரியில் அமர்ந்திருக்கும் கோப்புச் சேமிப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான் என்பதும் மற்றக் காரணங்கள்.

ஒரு கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்லும்? லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற ஒரு குறிப்பு உண்டு. உடைமையாளர் யார், அளவு என்ன, யாருக்கு என்ன அனுமதி என்பவற்றோடு மூன்று நேரங்களும் அதில் இருக்கும்: உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம், இந்தக் குறிப்பே கடைசியாக மாறிய நேரம், கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம். மூன்றிலும் "கடைசியாக" என்ற சொல்தான் முக்கியம். ஒரு கோப்பை நூறு முறை மாற்றியிருந்தாலும் நூறாவது மாற்றம் மட்டுமே அதற்கு நினைவிருக்கும். முதல் நேரத்தை ஒரே கட்டளையால் விரும்பியபடி பின்தள்ளவும் முடியும். இரண்டாவதை அப்படி எளிதாக மாற்ற முடியாது. அதனால்தான் தடயம் தேடுபவர்கள் அதை அதிகம் நம்புகிறார்கள். மூன்றில் எதிலும் ஆள் பெயர் கிடையாது.

படித்த நேரத்தின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பைப் படிக்கும்போதெல்லாம் அந்த நேரத்தை வட்டில் எழுதுவது என்றால், ஒவ்வொரு வாசிப்பும் கூடவே ஓர் எழுத்து வேலையையும் இழுத்துக்கொண்டு வருகிறது. கணினி மெதுவாகிறது. இதற்குத் தீர்வாக வந்த ரெல்அடைம் என்ற முறை 2009இல் வெளியான 2.6.30 பதிப்பிலிருந்து லினக்ஸின் இயல்பு அமைப்பாயிற்று. இதன்படி படித்த நேரம் இரண்டு நிலைகளில் மட்டுமே புதுப்பிக்கப்படும்: ஏற்கெனவே பதிந்திருக்கும் வாசிப்பு நேரம் கடைசி மாற்றத்துக்கு முந்தியதாக இருந்தால், அல்லது அது ஒரு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால். இதைச் சம்பளக் கோப்புக்குப் பொருத்திப் பாருங்கள். மாதத்தின் 28ஆம் தேதி மாலை 5 மணிக்குக் கிராணி கோப்பைச் சேமிக்கிறார். 6 மணிக்கு அச்சிடுவதற்காகத் திறக்கிறார். மாற்றத்துக்குப் பிந்தைய முதல் வாசிப்பு என்பதால் 6 மணி பதிவாகிறது. இரவு 9 மணிக்கு வேறொருவர் அதே கோப்பை முழுதாகப் படியெடுத்துக்கொண்டு போகிறார். பதிந்திருக்கும் 6 மணி, மாற்றம் நடந்த 5 மணிக்குப் பிந்தியது. ஒரு நாளும் ஆகவில்லை. ஆகவே எதுவும் எழுதப்படுவதில்லை. மறுநாள் காலையில் வந்து ஐநோடைக் கேட்டால் அது சத்தியமாகச் சொல்லும்: கடைசியாகப் படிக்கப்பட்டது மாலை 6 மணிக்கு. அங்கே எந்தப் பழுதும் இல்லை. வேகத்துக்காக நினைவை விட்டுக்கொடுக்கும்படி திட்டமிட்டே செய்த ஏற்பாடு அது.

இந்த மறதி எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதை மலேசியா 2017இல் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில் லோயாட் இணையத்தளம் ஒரு கசிவை வெளிப்படுத்தியது. 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்கள் அவற்றின் உரிமையாளர்களின் விவரங்களோடு வெளியே விலைக்குப் போயிருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம். எண்கள் மக்களைவிட அதிகம். மலாக்கா நகரத்திலோ மெர்லிமாவிலோ கைப்பேசி வைத்திருந்தவர்களில் இதற்குத் தப்பியவர் அரிதாகவே இருந்திருப்பார். கசிந்த கோப்புகளில் இருந்த நேரக் குறிப்புகள் 2014ஆம் ஆண்டின் நடுப்பகுதியைக் காட்டின. அதாவது விவரம் வெளியேறியதற்கும் வெளியே தெரிந்ததற்கும் நடுவே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளும் மூலக் கோப்புகள் இருந்த இடத்திலேயே, ஒரு பைட்டும் குறையாமல் இருந்தன. சந்தா ஏற்றப்பட்டது, கட்டணச் சீட்டு வந்தது, எல்லாம் வழக்கம்போல நடந்தது. பொருள் குறையாத திருட்டில் சொந்தக்காரருக்கு முறையிடவே தோன்றாது.

"மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் நம்மிடம் இருக்கின்றனவே" என்று இங்கே ஒருவர் கேட்கலாம். இருக்கின்றன, நல்ல கருவிகளும்கூட. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம்மும் யூஜின் ஸ்பாஃபோர்டும் 1992இல் உருவாக்கிய டிரிப்வயர் இவ்வகைக் கருவிகளுக்கு முன்னோடி. ஒவ்வொரு முக்கியக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஹாஷ் என்ற குறுகிய கணக்கு எண் ஒன்றை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். பிறகு அவ்வப்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாது. ஊடுருவியவர் கணினியின் நிரல்களையே மாற்றி வைக்கும் வழக்கத்துக்கு எதிராக இது பெரும் பாதுகாப்பு. ஆனால் இரவு 9 மணிப் படியெடுப்பை இது ஒருநாளும் பார்க்காது, ஏனென்றால் எதுவும் மாறவில்லை. மாற்றத்திலும்கூட, எது மாறியது என்று சொல்லுமே தவிர, இரண்டு ஒப்பீடுகளுக்கு நடுவே யார் எப்போது மாற்றினார் என்று சொல்லாது. பிறகு வந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் இந்த எல்லை உண்டு. நிகழ்ந்ததின் விளைவைத்தான் அது பார்க்கிறது. வாசிப்புக்கோ விளைவே இல்லை.

ஆகவே பார்க்க வேண்டிய இடம் கோப்பு அல்ல, கோப்புக்குப் போகும் வழி. லினக்ஸில் எந்த நிரலும் நேரே வட்டைத் தொடுவதில்லை. கோப்பைத் திற, படி, எழுது, பெயர் மாற்று, நீக்கு என்று இயக்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்க வேண்டும். கெர்னல்தான் செய்து கொடுக்கும். உலாவியும் சரி, அச்சு நிரலும் சரி, திருட வந்த நிரலும் சரி, இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே இருக்கும் கோப்பு முறைமை எந்த வகையானாலும் அவற்றுக்கு முன்னே ஒரு பொது அடுக்கு இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எல்லாம் தெரியும். இந்த வாசலில் லினக்ஸ் ஒரே சமயத்தில் கண் வைத்துவிடவில்லை. பல ஆண்டுகளில், பல காரணங்களுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தது. ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் எதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது விளங்கும்.

2005 ஆகஸ்டில் 2.6.13 பதிப்போடு வந்த இன்நோட்டிஃபை அவற்றில் புகழ்பெற்றது. ஜான் மெக்கட்சனும் ராபர்ட் லவ்வும் எழுதியது. கோப்புகளைத் தேடித்தரும் மேசைக்கணினி நிரல்களுக்கும், கோப்புறையில் புதிதாக ஒன்று வந்தால் திரையில் உடனே காட்டும் நிரல்களுக்கும் உதவுவது அதன் நோக்கம். இந்தக் கோப்புறையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டால், அதில் ஏதாவது திறக்கப்பட்டாலும், படிக்கப்பட்டாலும், எழுதி மூடப்பட்டாலும், நீக்கப்பட்டாலும் உடனே அறிவிக்கும். இரவு 9 மணிக்குத் திறந்ததை இது நிச்சயம் சொல்லும். யார் என்று மட்டும் சொல்லாது. தேடும் நிரலுக்கு அது தேவையில்லை என்பதால் செய்தியில் அதற்கு இடமே வைக்கவில்லை. வேறு குறைகளும் உண்டு. ஒரு கோப்புறைக்குச் சொன்னால் அதற்குள் இருக்கும் கோப்புறைகளை அது தானாகப் பார்க்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். செய்திகளைப் படிப்பவர் தாமதித்தால் வரிசை நிரம்பும். இயல்பாக 16,384 செய்திகளுக்குத்தான் இடம். அதற்கு மேல் வந்தவை தொலையும், தொலைந்தன என்ற ஒரு குறிப்பு மட்டும் மிஞ்சும். வலைவழி இணைத்த வட்டில் வேறொரு கணினி செய்த மாற்றமும் இதற்குத் தெரியாது. இத்தனை இருந்தும் பல வழிகாட்டிகள் பாதுகாப்புக்கு இதையே பரிந்துரைப்பதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. பெயரில்லாத மணியோசை சந்தேகத்தைக் கிளப்பும். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் அலுவலகத்தில் பலவீனமானவர் மேல்தான் விழும்.

அடுத்து வந்த ஃபேன்நோட்டிஃபை வைரஸ் தடுப்பு நிரல்களுக்காக உருவானது. 2011 தொடக்கத்தில் வெளியான 2.6.37 பதிப்பிலிருந்து பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு வட்டுப் பகுதி முழுவதையும் ஒரே ஆணையில் பார்க்கும். எந்தச் செயல்முறை கோப்பைத் தொட்டது என்ற எண்ணையும் தரும். வேண்டுமானால் கோப்பு திறப்பதற்கு முன்பே தடுத்து நிறுத்தவும் செய்யும். ஆனால் செயல்முறை எண் என்பது வேலை முடிந்ததும் மறையும் எண். படியெடுக்கும் கட்டளை அரை நொடியில் முடிந்துவிட்டால், யார் என்று விசாரிக்கப் போகும்போது அங்கே ஆள் இல்லை. மூன்றாவது வழியான ஆடிட் அமைப்பு இவற்றுக்கு மூத்தது. 2004இல் கெர்னலுக்குள் வந்தது. பாதுகாப்புத் தரச் சான்று கேட்ட பெரிய நிறுவனங்களுக்காகச் செய்தது. விசாரணையில் எழும் கேள்விகளை முன்னரே நினைத்து வடித்தது என்பதை அதன் ஒவ்வொரு வரியும் காட்டும்.

அதன் ஒரு பதிவை எடுத்துப் பார்த்தால் எந்த நொடியில், எந்த நிரல், எந்தக் கோப்பை, எதற்காகத் திறக்க முயன்றது, முயற்சி பலித்ததா இல்லையா என்பன இருக்கும். பலிக்காத முயற்சியும் பதிவாகும் என்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டிய கதவைத் தள்ளிப் பார்த்தவர் பெயர் பல சமயம் திறந்த கதவில் போனவர் பெயரைவிட அதிகம் சொல்லும். இவற்றுக்கு மேலாக ஒரு எண் இருக்கிறது, உள்நுழைவு அடையாள எண். ஒருவர் தன் கணக்கில் நுழைந்ததும் அந்த எண் அவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அவர் ரூட் என்ற முழு அதிகாரக் கணக்குக்கு மாறினாலும், வேறொருவர் பெயரில் கட்டளை ஓட்டினாலும், இந்த எண் மாறாது. முதலில் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பது கடைசிவரை கூடவே வரும். நான் இந்த அமைப்பை மற்றவற்றுக்கு மேலாக வைப்பதற்கு இந்த ஒரு எண்ணே காரணம்.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே காத்திருக்கிறது. ஆங்கிலப் பெயருள்ள கோப்பு ஆடிட் பதிவில் அப்படியே தெரியும். "சம்பளம்" என்று தமிழில் பெயர் வைத்தால் அது அப்படி வராது. எளிய ஆங்கில எழுத்துக்கு அப்பாற்பட்ட குறிகள் பதிவின் வடிவத்தைக் குலைத்துப் பொய்ப் பதிவுகளை நுழைக்கப் பயன்படலாம் என்ற அச்சத்தில், அத்தகைய பெயர் முழுவதையும் பதினாறடிமான எண்களாக மாற்றித்தான் கெர்னல் எழுதும். யூனிகோடில் சம்பளம் என்ற சொல்லுக்கு ச, ம, புள்ளி, ப, ள, ம, புள்ளி என்று 7 குறிகள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு; மொத்தம் 21 பைட்டு; பதிவில் 42 எண்குறிகள் நெருக்கியடித்து நிற்கும். பதிவேட்டில் "சம்பளம்" என்று தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது. யாரும் தொடவே இல்லை என்று அவர் நிம்மதியாகப் போய்விடுவார். இதற்காகத் தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆடிட் அமைப்போடு வரும் தேடல் கருவியிடம் பொருள் விரித்துக் காட்டு என்று கேட்டால் அதே பெயர் தமிழில் வந்து நிற்கும். காவல் வைக்கும்போதே "சம்பளக் கோப்பு" என்ற பொருளில் ஆங்கில எழுத்தில் ஒரு குறிச்சொல் கொடுத்து, அதைக் கொண்டு தேடுவது இன்னும் எளிது. ஒரு கருவி நம் மொழியைத் தாங்கும் என்பதற்கும், நம் மொழியில் கேட்டால் பதில் சொல்லும் என்பதற்கும் இடைவெளி உண்டு. அதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது பளு. ஒரு கணினியில் விநாடிக்கு எத்தனையோ கோப்புகள் திறந்து மூடப்படுகின்றன. எல்லாவற்றையும் எழுதினால் கணினி திணறும், எழுதியதை எவரும் படிக்கவும் முடியாது. உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி யார் கேட்டார்கள்? ஆடிட் அமைப்பில் படிப்பதைக் காவல் வை என்று சொன்னாலும், அது ஒவ்வொரு படிப்பையும் எழுதுவதில்லை. படிப்பதற்காகத் திறந்ததை மட்டுமே எழுதுகிறது. ஒரு முறை திறந்து ஆயிரம் முறை படித்தாலும் ஒரே நிகழ்வு. பளுவை நினைத்தே அப்படி வைத்திருக்கிறார்கள். மற்றபடி, சம்பளக் கோப்புறை, அடையாள ஆவணக் கோப்புறை, கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பு, ஆடிட் அமைப்பின் விதிகளே இருக்கும் இடம் என்று நான்கைந்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சிறிய அலுவலகத்தில் ஒரு நாளைய பதிவை ஒருவர் உட்கார்ந்து படித்துவிடலாம். தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆடிட் பதிவேட்டின் இயல்பு அமைப்பில் 8 மெகாபைட் கொண்ட 5 கோப்புகள்தான். ஆறாவது தேவைப்படும்போது மிகப் பழையது போய்விடும். மொத்தம் 40 மெகாபைட். எல்லாவற்றையும் எழுதும் கணினியில் இது சில நாளில் சுற்றிவிடும். 2014இல் நடந்ததை 2017இல் கண்டுபிடிக்கும் உலகத்தில், ஏட்டை 6 ஆண்டு வைத்திருக்கச் சட்டம் சொல்லும் நாட்டில், அந்த ஏட்டைத் திறந்தவர் பட்டியல் ஒரு வாரம்கூட நிலைக்காமல் போவது பொருத்தமே இல்லை. இயல்பு அமைப்பை அப்படியே விட்டுவைப்பவர் கண்காணிப்பதாக நினைத்துக்கொண்டு கண்காணிக்காமல் இருக்கிறார்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. ரூட் அதிகாரம் கைக்கு வந்தவர் பதிவேட்டையே அழித்துவிட்டுப் போவாரே? அழிப்பார். விதிகளை அடுத்த மறுதொடக்கம்வரை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்க ஆடிட் அமைப்பில் வழி உண்டு. ஆனால் அது விதியைக் காக்குமே தவிர ஏற்கெனவே எழுதிய பதிவைக் காக்காது. இதற்கான விடை 1986இலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர், யூனிக்ஸ் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைப்பதைத் துருவியபோது, யாரோ ஊடுருவி முழு அதிகாரமும் பெற்றிருப்பதைக் கண்டார். வந்தவருக்குத் தெரியாமல் பதிய வேண்டும், பதிந்தது அவர் கைக்கு எட்டக்கூடாது. ஸ்டோல் உள்ளே வரும் இணைப்புகளில் அச்சு இயந்திரங்களைப் பூட்டினார். ஊடுருவியவர் அடித்த ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. கணினிக்குள் எல்லா அதிகாரமும் கொண்டவருக்கு வெளியே இருந்த காகிதத்தின் மேல் எந்த அதிகாரமும் இல்லை. பின்பு பாதுகாப்புத் துறை ரகசியம் போல் தோன்றும் போலிக் கோப்புகளை வைத்து, அவற்றை ஊடுருவியவர் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி இணைப்பைத் தொடர்ந்து போய், ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ்ஸிடம் சேர்ந்தார்கள். இன்று காகிதத்துக்குப் பதில், பதிவு எழுதப்பட்ட கணமே வேறொரு கணினிக்கு அனுப்பப்படும். அங்கே இந்த அலுவலகத்தின் ரூட்டுக்கு அதிகாரம் இருக்கக்கூடாது. அழிக்க முனைபவர் அதற்குப் பிந்தையதைத்தான் தடுக்க முடியும்; தான் நுழைந்த பதிவை அல்ல. போலிக் கோப்பும் இன்றுவரை நல்ல உத்திதான். யாருக்கும் எந்த வேலைக்கும் தேவைப்படாத ஒரு கோப்பைச் சம்பளக் கோப்புறையில் வைத்தால், அதை ஒருவர் திறந்தார் என்ற ஒரே பதிவு ஆயிரம் வழக்கமான பதிவுகளைவிடத் தெளிவாகப் பேசும்.

எல்லாவற்றையும் மறைகுறியாக்கி வைத்தால் போதாதா என்பவருக்குச் சுருக்கமான பதில்: வட்டு களவு போனால் அது காக்கும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது முறையான கணக்கில் நுழைந்தவருக்கு அதே வாசலில் திறந்துதான் கொடுக்கும்.

மூன்றாவது எதிர்வாதத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், அதுவும் இந்த மண்ணில். தோட்டத்துத் தமிழர்களுக்குக் கண்காணிப்பு புதிதல்ல. கங்காணியும் மண்டோரும் கிராணியும் துரையும் தலைமுறை தலைமுறையாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏடு பார்ப்பவர் கையில் இருந்தது. பார்க்கப்பட்டவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாக மாறிவிட்டன, பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பத்து பெராண்டாமிலும் ஆயர் குரோவிலும் அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் மீண்டும் ஒருவர் பார்ப்பதா? ஆளைப் பின்தொடரும் கண்காணிப்பானால், கூடாது என்பதே என் பதிலும். ஒருவர் நாள் முழுதும் என்னென்ன திறந்தார் என்று பட்டியலிடுவது வேறு; ஒரு குறிப்பிட்ட கோப்பை யார் யார் திறந்தார்கள் என்று பட்டியலிடுவது வேறு. பின்னது கோப்பில் பெயர் உள்ள தொழிலாளியின் உரிமையைக் காக்கிறது; அவருடைய மைகாட் எண்ணைத் தொட்டவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். எந்தெந்தக் கோப்புகள் காவலில் இருக்கின்றன என்பதை அலுவலகத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிடுவதும், தன் பெயரில் இருக்கும் பதிவுகளை ஒருவர் கேட்டால் காட்டுவதும் இதில் சேர்ந்தே வர வேண்டும். அப்படிச் செய்தால் பதிவு முதலாளியின் ஆயுதமாக மட்டும் இராது. விவரம் கசிந்துவிட்டது என்று கூக்குரல் எழும்போது, அன்று தான் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை என்று காட்ட ஒரு கிராணிக்கு வேறு என்ன ஆதாரம் இருக்கிறது?

நம் சிறிய அலுவலகங்கள் இந்த ஆதாரத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல், அதுவும் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டில். கூட்டுறவுச் சங்கமோ கோயில் நிர்வாகமோ மருந்தகமோ, எங்கும் காணும் வழக்கம். அந்த நிலையில் உலகத்திலேயே சிறந்த ஆடிட் அமைப்பும் ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்ப எழுதும். ஆகவே கருவியை நிறுவுவதற்கு முன் ஆளுக்கொரு கணக்கு வேண்டும். காசு செலவில்லாத வேலை, ஆனாலும் மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. சட்டமும் இதை நோக்கித்தான் நகர்ந்திருக்கிறது. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் அணுகுவதையே குற்றமாக்கியது. அணுகினார் என்று மெய்ப்பிக்கப் பதிவு வேண்டும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைப் பாதுகாக்கும் கடமையை வணிக நிறுவனங்கள்மேல் வைத்தது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது என்பது அதன் பெரிய ஓட்டை. 2024இல் வந்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் முதல் கசிவு ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். என்ன கசிந்தது, எத்தனை பேருடையது என்று அப்போது சொல்ல வேண்டும். மூன்று நாளில் அதைச் சொல்லக்கூடியவர், கோப்பு திறந்தபோதே எழுதி வைத்திருந்தவர் மட்டும்தான்.

கெர்னல் வாசலில் நின்றால் எல்லாம் தெரியும் என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு வரம்பு போட வேண்டும், ஏனென்றால் அலுவலகங்களின் உண்மையான அமைப்பு இந்த வரம்புக்கு வெளியேதான் பெரும்பாலும் இருக்கிறது. கோப்புச் சேமிப்புப் பெட்டியில் இருக்கும் சம்பளக் கோப்பை ஊழியர்கள் தங்கள் விண்டோஸ் கணினியிலிருந்து வலைவழியாகத் திறக்கிறார்கள். பெட்டிக்குள் கோப்பை உண்மையில் திறப்பது சாம்பா என்ற சேவை நிரல். அது பெட்டி இயங்கத் தொடங்கும்போதே தானாக எழுந்தது. யாரும் உள்நுழைந்து அதைத் தொடங்கவில்லை. ஆடிட் பதிவில் உள்நுழைவு அடையாள எண் இருக்க வேண்டிய இடத்தில் 4294967295 என்ற எண் நிற்கும். அப்படி ஒரு பயனர் இல்லை. எந்த உள்நுழைவும் இல்லை என்பதைக் கெர்னல் எழுதும் விதம் அது. நான் உயர்த்திப் பேசிய அந்த ஒரு எண் இங்கே வெறுமையாகிவிடுகிறது. சம்பளம் தரவுத்தளத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மங்கல். தரவுத்தள நிரல் காலையில் திறந்த கோப்பை நாள் முழுதும் திறந்தே வைத்திருக்கும். ஒருவர் ஒரு வரியைக் கேட்டாரா, பட்டியல் முழுவதையும் கேட்டாரா என்பது கெர்னலின் பார்வைக்கு வருவதே இல்லை. இதனால் வாதம் தோற்றுவிடவில்லை, வாசல் இடம் மாறியிருக்கிறது. ஆளை அடையாளம் கண்டு உள்ளே விடுவது எந்த நிரலோ அங்கேதான் பதிவும் நடக்க வேண்டும். சாம்பாவில் எந்தப் பயனர் எந்தக் கோப்பைத் திறந்தார் என்று எழுதும் முழு ஆடிட் தொகுதி கூடவே வருகிறது, இயக்கிவிட்டால் போதும். தரவுத்தளங்களிலும் கேள்விகளைப் பயனர் பெயரோடு பதியும் வசதி உண்டு. அதன் பிறகும் கெர்னல் காவலுக்கு வேலை இருக்கிறது: சாம்பாவையோ தரவுத்தள நிரலையோ தவிர வேறு எந்த நிரலும் அந்தக் கோப்புகளைத் தொடக்கூடாது, தொட்டால் அது அன்றே தெரிந்தாக வேண்டும்.